தமனி இசிவா, தமனிப்பிடிப்பா?

அண்ணாச்சி,

மணிக்கட்டுத் தமனி வழியாக இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோவில், அந்தத் தமனி திடீரென்று இறுகிக்கொள்வதற்கு (spasm) நோயாளி விளக்கத்தாளில் போட நீங்கள் சொன்ன 'தமனி இசிவு' அகராதிப்படி சரிதான். ஆனால் மேசையில் படுத்திருப்பவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளச்சல், மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இசிவு என்றால் ஜன்னி, வலிப்பு. டெட்டனஸுக்கும் இசிவு நோய் என்றுதானே பெயர்!

இது வெறும் சொல் கூச்சம் இல்லை. குழாய் போகும் ஆரைத் தமனியின் (மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனி) சுவரில் தசை அதிகம். பயந்தால் அட்ரினலின் ஏறும், ஏறினால் அந்தத் தசை இறுகும். தமனியின் உள்ளளவே சுமாராக 2 முதல் 3 மில்லிமீட்டர். '6 பிரெஞ்சு' அளவுக் குழாய் 2 மில்லிமீட்டர் பருமன், அது நுழைவதற்காக முதலில் தமனியில் செருகி வைக்கும் குட்டிக் குழாயான ஷீத் அதைவிடப் பருமன். இவ்வளவு நெருக்கத்தில், பயமுறுத்தும் சொல்லே இறுக்கத்துக்கு ஒரு காரணமாகிவிடும்.

'தமனிச் சுருக்கம்' வேண்டாம். கொழுப்பு படிந்து குறுகுவதையும் சுருக்கம் என்றே எழுதுகிறோம். அது அப்படியே இருப்பது. இது இறுகி, பிறகு விடுவது.

மீன் விற்கும் ஒரு பாட்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒல்லியான மணிக்கட்டு. பெண்களுக்குத் தமனி சிறியது, அதனால் இந்தத் தொல்லையும் அதிகம். இரண்டாவது குழாய் மாற்றும்போது முகத்தைச் சுளித்து, "மக்களே, உள்ள பிடிக்கு" என்றார். டாக்டர் லேசாக இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. உடனே கையை எடுத்துவிட்டார். பலவந்தமாக இழுத்தால் தமனியே கிழியலாம். ஷீத் வழியாகத் தமனியை இளக்கும் நைட்ரோகிளிசரின், சிரை வழியாகப் பதற்றம் தணிய கொஞ்சம் மருந்து, முன்கையில் வெதுவெதுப்பான துணி. நான் பாட்டியின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் குழாய் பைய நழுவி வந்தது.

பிடிக்கு என்றாரே, அதுதான் என் சொல்: தமனிப்பிடிப்பு.

— நாகர்கோவிலிலிருந்து

தங்கச்சி,

இசிவை விட்டுவிடுகிறேன். பிடிப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. தசைப்பிடிப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். குழாய் இல்லாத இடத்துக்கும் பொருந்துகிறது: இதயத் தமனிப்பிடிப்பு, மூச்சுக்குழாய்ப்பிடிப்பு. ஒரே எச்சரிக்கை, யாரும் 'நாடிப்பிடிப்பு' என்று எழுதிவிடக் கூடாது. நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் அதே மணிக்கட்டில்தான் நாடி பிடித்துப் பார்க்கிறார்கள். தமனி என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

தடுக்கும் மருந்துக்கு 'பிடிப்பிளக்கி' என்பேன். மலமிளக்கி ஏற்கெனவே இருப்பதால் சொல்லமைப்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஷீத் வழியாகக் கொடுக்கும் மருந்துக் கலவையை நீங்கள் லேபில் காக்டெயில் என்கிறீர்களே, அதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

— தக்கலையிலிருந்து

அண்ணாச்சி,

பிடிப்பிளக்கி அருமை. ஆனால் காக்டெயிலுக்கு அது ஒத்துவராது. அதில் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம், வெரபமில் 2.5 மில்லிகிராம் என்று போடுவது வழக்கம். இவை இரண்டும் பிடிப்பிளக்கிகள். பல இடங்களில் ஹெப்பாரினையும் கூடவே கொடுப்பார்கள். அதன் வேலை வேறு: ரத்தம் உறைந்து தமனி அடைபடாமல் காப்பது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் படிக்க வரும் பிள்ளைகள் குழம்புவார்கள். கலவைக்குத் 'தமனிக்காப்புக் கலவை' என்று வைப்போம்.

மருந்து மட்டும் தடுப்பு இல்லை என்பதும் தாளில் வரவேண்டும். நீர் பட்டால் வழுக்கும் பூச்சுள்ள ஷீத், மெல்லிய குழாய், குழாய் மாற்றுவதைக் குறைப்பது, முதல் குத்திலேயே தமனியைப் பிடிக்கும் கை எல்லாம் சேர்ந்ததுதான். 1989இல் கனடாவின் இதய மருத்துவர் லூசியன் காம்போ மணிக்கட்டு வழி ஆஞ்சியோவை எழுதிவைத்த காலத்தைவிட இன்றைய சாமான்கள் எவ்வளவோ மெலிவு.

விளக்கத்தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: "குழாய் போகும்போது கைக்குள் இறுக்கிப் பிடிப்பதுபோல் இருந்தால் உடனே சொல்லுங்கள். இது தமனிப்பிடிப்பு. மருந்து கொடுத்தால் இளகும்."

ஷீத்துக்கு 'உறை' என்று போட்டிருந்தீர்கள். அடுத்த வரியிலேயே ரத்தம் உறைதல் வருகிறது, இடிக்கிறது. 'வாசல்குழாய்' என்று வைக்கலாமா?