அடுக்குத் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டு மண்சுவரைத் தேர்ந்தது ஏன்?

கடையம் வாசி (கேள்வி):
பங்குனியில் எங்கள் முருங்கை மரத்தில் அடுக்குத் தேனீக் கூட்டம் ஒன்று வந்து தொங்கியது. அதற்கென்று புதிய மரப்பெட்டி ஒன்றைத் தகரக் கொட்டகையின் கீழ் வைத்தேன். சில தேனீக்கள் உள்ளே போய் வந்தன. ஆனால் கூட்டம் மறுநாள் எழுந்து, தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் மண்சுவர்ப் பொந்தில் குடியேறிவிட்டது. கடும் வெயிலிலும் அந்தச் சுவர் குளுமையாக இருக்கும். குடியேறும் முன்பே, ஓர் இடம் வெப்பத்தைத் தாங்குமா என்று தேனீக்கள் அளந்து பார்க்கின்றனவா? பலகையைத் தடிமனாக்கினால் அடுத்த கூட்டம் தங்குமா?

அம்பை ஆசிரியர்:
இடத்தை முடிவு செய்வது ராணி அன்று. கூட்டத்தில் உள்ள சில நூறு வேவுத் தேனீக்களே. 1949இல் மியூனிக் நகரில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர், தொங்கும் கூட்டத்தின் மேல் (தாம் கண்ட இடத்தை மற்றவற்றுக்குத் தெரிவிக்க) நடனமாடிய சில தேனீக்களின் உடலில் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருப்பதைக் கண்டார். மகரந்தம் சுமக்காத அவை, போரில் இடிந்த நகரின் புகைபோக்கிகளையும் சுவர்ப் பொந்துகளையும் பார்த்து வந்தவை என்று அதைக் கொண்டே ஊகித்தார்.

1970களில் அமெரிக்கத் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி பலவகைப் பெட்டிகளை வைத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவும், தரையிலிருந்து நல்ல உயரமும், அடிப்பக்கத்தில் 10 முதல் 15 சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள வாயிலும் கொண்ட பெட்டிகளைக் கூட்டங்கள் விரும்பின. வேவுத் தேனீ கொள்ளளவை அறிவது இருட்டுக்குள் நடந்து பார்த்துத்தான். இதைச் சோதிக்க அவர் சுழலும் சுவருள்ள உருளைப் பெட்டி ஒன்றைச் செய்தார். சுவர் சுழன்று நடையின் அளவு மாறியபோது, தேனீயின் மதிப்பீடும் மாறியது.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது வேறொரு முடிவு. காற்று புகும் இடுக்குள்ள பெட்டிகளையும் ஈரமான பெட்டிகளையும் அவை ஒதுக்கவில்லை. இடுக்கைப் பிசினால் பிறகு அடைத்துக்கொள்ளலாம்; கொள்ளளவைப் பிறகு மாற்ற வழியில்லை. சுவரின் வெப்பக் காப்பை (வெப்பம் ஊடுருவாமல் தடுக்கும் திறனை) நேரடியாக அளப்பதாக இச்சோதனைகள் காட்டவில்லை. ஆயினும், வாயில் சிறிதாகவும் கீழேயும் இருந்தால் சூடான காற்று மேலேயே தங்கும் என்பதால், காப்பில் ஒரு பங்கை அவை வாயிலைப் பார்த்தே பெற்றுவிடுகின்றன என்று கருதுகிறேன்.

களக்காட்டுத் தோட்டம்:
ஆசிரியர் ஐயா சொன்னவை ஐரோப்பியத் தேனீயைப் பற்றியவை. நம் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது கொசுத் தேனீ. எனவே இடுக்கை அடைத்துக்கொள்ளும் என்ற நியாயம் நம் கூட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. 40 லிட்டரும் அதற்கு மிகை. மார்த்தாண்டம் பக்கம் புழங்கும் நியூட்டன் வகைத் தேனீப்பெட்டி சிறியதாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

குளிர்நாட்டில் காப்பு என்பது பனிக்காலத்துக்கானது. மரப்பொந்தைவிட வழக்கமான மரப்பெட்டிகளில் 4 முதல் 7 மடங்கு வெப்பம் வெளியேறுகிறது என்று ஆய்வாளர் டெரெக் மிட்செல் 2016இல் கணக்கிட்டதும் பனிக்கால நிலைமைக்கே. நமக்கோ வெளிவெப்பம் உள்ளே வராமலிருக்க வேண்டும். புழுக்கள் வளரும் அடைப்பகுதி 35 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து பூசி, சிறகால் விசிறுகின்றன. அந்த உழைப்பு பயன் தராதபோது அடுக்குத் தேனீ கூட்டையே விட்டு ஓடிவிடும்.

கடையம் வாசி:
அப்படியானால் தகரக் கொட்டகைதான் காரணமா, அண்ணாச்சி?

களக்காட்டுத் தோட்டம்:
முதல் சந்தேகம் எனக்கு அதன் மேல்தான், ஏனெனில் வேவுத் தேனீக்கள் வந்து பார்த்த நேரத்திலேயே பெட்டி சுட்டிருக்கும். பலகையைத் தடிமனாக்குவது நல்லது. அதற்கு முன் பெட்டியை வேப்பமர நிழலுக்கு மாற்றி, மூடியின் மேல் பனையோலையைத் தடிப்பாக வேயுங்கள். உட்புறம் பழைய அடையின் மெழுகைத் தேய்த்து, இடுக்குகளைச் சாணமும் களிமண்ணும் குழைத்து நீங்களே பூசிவிடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று நேராகப் புகாதபடி வாயில் கிழக்கு பார்க்கட்டும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த மறக்காதீர்கள். எறும்பு ஏறினால் மற்ற ஏற்பாடுகள் எதுவும் உதவாது.