என்பிடெல் மென்டராகப் போட்டுவிட்டார்கள், மூன்றாவது வாரத்திலேயே பாதிப் பேரைக் காணோம்

கடைசி_பெஞ்சு_டீச்சர்:

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வேலை பார்க்கிறேன். இந்த செமஸ்டர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 64 பேருக்கு என்னை என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) மென்டராகப் போட்டிருக்கிறார்கள். 12 வாரப் பைத்தான் பாடம். முதல் வார அசைன்மென்ட்டை 61 பேர் போட்டார்கள், இரண்டாவது வாரம் 52, மூன்றாவது வாரம் 29. நான் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து ஒவ்வொரு வாரமும் "இன்று ராத்திரி 11.59-க்குள் சப்மிட் பண்ணுங்கள்" என்று போடுகிறேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டுகிறார்கள், அதோடு சரி.

ஒரு பெண்ணை மட்டும் காரிடாரில் பிடித்துக் கேட்டேன். "வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரியுது மேடம், கேள்வியத் தொறந்தா கை ஓட மாட்டேங்குது" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாடம் நடத்துவது ஐஐடி பேராசிரியர், நான் அதையே திரும்ப நடத்த வேண்டுமா? இல்லை, ஞாபகப்படுத்துவதோடு என் வேலை முடிந்ததா? இதற்கு முன்னால் மென்டராக இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

ஸ்பாக்_ஆறு_வருஷம்:

மேடம், ஆறு வருஷமாக எங்கள் லோக்கல் சாப்டருக்கு (என்பிடெல்லோடு இணைந்த காலேஜ் கிளை) நான்தான் ஸ்பாக், அதாவது பொறுப்பாளர். முதல் இரண்டு வருஷம் நானும் இதே கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்திய 35 பேரில் முக்கால்வாசிப் பேர் "ஒன்றிரண்டு வாரம் விட்டாச்சு, இனிமேல் போட்டு என்ன பிரயோஜனம்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், பந்தயமே கட்டலாம். 12 வாரப் பாடத்தில் பொதுவாக சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். அதற்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வந்தால் சர்டிபிகேட் உண்டு. அதாவது நாலு வாரம் வரை விட்டுப்போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இது பாடத்தின் முதல் பக்கத்திலேயே இங்கிலீஷில் இருக்கிறது, ஆனால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் குழுவில் இல்லை, ஆளைப் பார்த்து.

அப்புறம், பாடத்தில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. சேர்வதற்குக் காசு கிடையாது, தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அந்தப் பதிவு பாதி செமஸ்டரிலேயே மூடிவிடும். ஒரு வருஷம் அசைன்மென்ட் முழுவதும் போட்ட ஒரு பையன் "நான்தான் மொதல்லயே ரிஜிஸ்டர் பண்ணிட்டேனே சார்" என்று என் மேஜை முன்னால் வந்து நின்றான். அவன் செய்திருந்தது வெறும் என்ரோல். அன்றிலிருந்து பதிவு மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாரையும் லேபில் உட்கார வைத்து, என் கண் முன்னாலேயே செய்ய வைக்கிறேன். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு, அறிவிப்பைப் பார்த்து அதையும் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திரும்ப நடத்த வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வைத்து நீங்கள் கூட உட்காருங்கள், போதும். கெடு புதன் ராத்திரி என்றால் செவ்வாய் சாயங்காலம் வையுங்கள். புதன் அன்று வைத்தால் விடைக்குத்தான் அலைவார்கள். அசைன்மென்ட் கேள்வியை நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள், அது விதிப்படியும் தப்பு. அதே ஜாடையில் வேறு ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் அவர்கள் தடுமாறுவதைப் பாருங்கள்.

டவுன்பஸ்_பைத்தான்:

மூணு வருஷம் முன்னாடி நானும் அந்த 35 பேரில் ஒருத்தன்தான், அதனால் மாணவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என்னிடம் லேப்டாப் கிடையாது. ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில்தான் புரோகிராம் அடிப்பேன். பைத்தானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, போன் கீபோர்டில் டேப் பொத்தானே இல்லை. ஸ்பேஸை நாலு நாலாகத் தட்டி, ஒரு வரியில் மூன்றாகிவிட்டால் எரர், எந்த வரி என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதற்குள் வெறுத்துவிடும்.

இன்னொன்று, இதில் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். காலேஜ் லேபில் எங்களுக்குப் பழக்கியது எப்படி என்றால், இன்புட் என்று எழுதி பிராக்கெட்டுக்குள் "எண்ணைக் கொடுக்கவும்" மாதிரி ஒரு வாசகம் போட வேண்டும், பிரிண்ட் பண்ணும்போது "விடை இதோ" என்று ஒரு அலங்காரம். இங்கே திருத்துவது மெஷின். அது 15 என்று எதிர்பார்த்தால் வெறும் 15 மட்டும்தான் வர வேண்டும். என் விடை சரி, ஆனால் டெஸ்ட் கேஸ் (மெஷின் கொடுத்துச் சரிபார்க்கும் மாதிரி இன்புட்) ஒன்றுகூடப் பாஸ் ஆகவில்லை. லாஜிக்தான் தப்பு என்று நினைத்து லாஜிக்கை மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொண்டேன். பக்கத்து ரூம் சீனியர் எட்டிப் பார்த்து, "டேய், அந்த வாசகத்தத் தூக்குடா" என்றார். முப்பது செகண்ட் வேலை.

பாடத்துக்கு என்று ஒரு டிஸ்கஷன் ஃபோரம் இருக்கிறது, அதில் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேள்வியை இங்கிலீஷில் நாலு தடவை டைப் செய்து நாலு தடவை அழித்திருக்கிறேன். நாடு முழுக்கப் பார்ப்பார்களே என்ற பயம்தான். நீங்கள் குழுவில் "யாருக்காவது சந்தேகமா" என்று கேட்டால் பதில் வராது மேடம். "போனில் அடிக்கிறவர்கள் யார் யார், தனியாக எனக்கு மெசேஜ் போடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

வீடியோவை முக்கால் வேகத்தில் ஓட விடலாம் என்பதும், பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்துரை பிடிஎஃப் இருக்கிறது என்பதும் எனக்குப் பாடம் முடிந்த பிறகுதான் தெரியும். கடைசியில் 62 வாங்கி எலைட் (60 வாங்கினால் சர்டிபிகேட்டில் போடும் தகுதி) வந்தேன், இரண்டு மதிப்பெண்ணில் தப்பித்தது.

ஒத்துவராத_ஆள்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எண்ணிக்கையை வைத்து ரொம்ப மனசு உடைய வேண்டாம். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களை வைத்து 2019-ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். சான்றிதழுக்குக் காசு கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46. காசு கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று அர்த்தமில்லை, முடிக்க வேண்டும் என்று நினைத்தவன்தான் காசே கட்டியிருப்பான். உங்கள் 64 பேரில் எத்தனை பேர் தானாகச் சேர்ந்தார்கள், எத்தனை பேரை டிபார்ட்மென்ட் சேர்த்தது? முதலில் அதை விசாரியுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த 29 பேரைப் பற்றி. அதில் வாராவாரம் முழு மதிப்பெண் வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கும். அசைன்மென்ட் விடை சுற்றுகிற குழுக்கள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் பேட்சில் ஒருத்தன் 25-க்கு 25 வைத்திருந்தான், தேர்வு மையத்தில் உட்கார்ந்தபோது பைத்தானின் பாலபாடமான ஃபார் லூப் எழுத வரவில்லை, 75-க்கு 19. விட்டவன் குறைந்தபட்சம் விட்டுவிட்டேன் என்று காட்டிக்கொள்கிறான்.

ஸ்பாக்_ஆறு_வருஷம்:

29 பேரைப் பற்றிச் சொன்னது நூறு சதவீதம் உண்மை. ஆனால் 3 சதவீதக் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். அங்கே பாதிப் பேர் எட்டிப் பார்க்க வந்தவர்கள், எப்போது வேண்டுமானாலும் போகலாம். இந்தப் பிள்ளைகளுக்கு இது டிகிரியில் சேருகிற கிரெடிட். விட்டால் வேறு பேப்பர் எழுத வேண்டும்.

கடைசி_பெஞ்சு_டீச்சர்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இன்டர்னல் பேப்பர் திருத்துகிற வேலை.

போனில் அடிக்கிறவர்கள் யார் என்று கேட்டேன். 23 பேர்! இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை லேப் கேட்டேன், நாலரைக்கு மேல் ஏசி போடக் கூடாது என்று சொல்லிச் சாவி கொடுத்தார்கள். முதல் வாரம் 9 பேர், நேற்று 26. காரிடார் பெண்ணும் வந்தாள். வேறு கணக்கு ஒன்று கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை ஓடவில்லை என்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது: கேள்வியில் "ஸ்பேஸ் செபரேட்டட் இன்டிஜர்ஸ்" என்று இருந்ததும் அப்படியே நின்றுவிட்டாள், ஒரே வரியில் வருகிற மூன்று எண்ணைப் பிரித்து எடுக்க வேண்டும் என்பது அந்தச் சொற்களிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் சொன்னதும் மீதியை அவளே முடித்தாள்.

நாலு வாரம் விடலாம் என்ற விதியைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உடனே லாகின் செய்தார்கள். எத்தனை பேர் தானாகச் சேர்ந்தார்கள் என்றும் விசாரித்தேன். 11 பேர். அதை எச்ஓடியிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.