மறு: ‘லென்ஸ் மவுண்ட்’ – ஏற்றமா, பூட்டுவாயா?

நண்பர்களுக்கு வணக்கம். லென்ஸைக் கேமராவில் மாட்டும் பகுதியான ‘மவுண்ட்’டுக்கும், அங்கே உள்ள வளையமான ‘ஃபிளேஞ்ச்’சுக்கும் இங்கே இப்படித் தமிழ்ச்சொற்கள் சொல்லியிருந்தார்கள்:

> மவுண்ட் = ஏற்றம்; ஃபிளேஞ்ச் = விளிம்பு

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்றம் என்றால் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. லென்ஸ் எதன் மேலும் ஏறுவதில்லை. கேமராவின் வாயில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. அதனால் ‘பூட்டுவாய்’ என்கிறேன்.

‘விளிம்பு’ இன்னும் சிக்கல். போன மாதம் பழைய ஹீலியோஸ் 44-2 ஒன்று வாங்கினேன். 58 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ், எம்42 என்னும் மரை வைத்துத் திருகி மாட்டும் வகை. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் முதல் மரை ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. மரைக்கு வெளியே உள்ள வளையத்தில் ஒரு சின்னச் சொட்டை. ‘விளிம்பில் அடி’ என்று எழுதினால் எது எதில் பட்டது என்று படிப்பவருக்குத் தெரியாது. இரண்டின் விளைவும் வேறு வேறு.

மரை பிடிப்பதற்கு மட்டும்தான். எம்42-இல் விட்டம் 42 மி.மீ., புரியிடைவெளி 1 மி.மீ. லென்ஸை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றி, ‘டக்’ என்று மரை விழுந்த பிறகு வலப்பக்கம் திருக வேண்டும். தடையில்லாமல் ஏறினால் அந்த நசுங்கல் படத்தை ஒன்றும் செய்யாது. கையை அழுத்தித் திருகினால்தான் ஆபத்து, கேமராவின் மரையும் போய்விடும்.

வளையத்தின் முகம் அப்படியல்ல. லென்ஸ் படிந்து உட்காருவது அங்கேதான். அங்கிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். முகம் 0.1 மி.மீ. தள்ளி நின்றாலும், முடிவிலிக்கு (அதாவது மிகத் தொலைவுக்கு)த் திருப்பி வைத்த 58 மி.மீ. லென்ஸ் சுமார் 34 மீட்டரில்தான் குவியும். தூரத்து மலை மங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் லென்ஸே சாய்ந்து, படத்தின் ஒரு ஓரம் தெளிவாகவும் மறு ஓரம் மங்கலாகவும் வரும்.

ஆகவே இந்த முகத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ‘படிமுகம்’ எப்படி? கதவு சட்டத்தில் ‘படிய உட்காரவில்லை’ என்று தச்சர் சொல்கிறாரே, அந்தப் படிதல்தான். 45.46-ஐப் ‘படிமுகத் தொலைவு’ என்றுவிடலாம்.

சேதத்தைப் பார்க்கும்போதும் இந்தப் பிரிவு உதவுகிறது. நகத்தைப் படிமுகத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் இறங்கினால் கவலையில்லை, மற்ற இடமெல்லாம் சமமாகத்தான் இருக்கிறது. மேட்டில் தட்டினால் அது பிசிறு. அதுதான் லென்ஸைத் தூக்குகிறது. என்னுடையதில் சொட்டையைச் சுற்றி மெல்லிய பிசிறு இருந்தது. பின்கண்ணாடியை மூடிக்கொண்டு, மென்மையான சாணைக்கல்லால் மேட்டை மட்டும் தேய்த்தேன். பிறகு லென்ஸின் ஒளித்துளையை முழுக்கத் திறந்து தொலைவில் ஒரு கோபுரத்தைப் பார்த்தேன், நான்கு மூலையும் சரி. (வெள்ளை முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிவதையும் சிலர் சேதம் என்கிறார்கள். அது வெறும் உழைப்பின் தடம்.)

‘மரை’யைத் தயவுசெய்து மாற்ற வேண்டாம், லேத் பட்டறையில் எல்லோரும் சொல்லும் சொல் அது. எம்42-ஐ ‘மரைப் பூட்டுவாய்’ என்போம். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் போல, காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று துண்டுகளை நுழைத்துத் திருப்பும் வகையைக் ‘காதுப் பூட்டுவாய்’ எனலாம். ஆணி போன்ற சின்னப் ‘பின்’ வைத்த குண்டு பல்பை மாட்டுவது போலத்தான்.

பழைய கேனன் கேமராக்களின் எஃப்.டி. வகை மவுண்டுக்குத்தான் பெயர் அகப்படவில்லை. அதில் லென்ஸ் திரும்பாது. பின்னால் உள்ள வளையத்தை மட்டும் திருகி இறுக்குகிறோம். ‘வளையப் பூட்டுவாய்’ போதுமா, இல்லை இறுக்குவதும் சொல்லில் வர வேண்டுமா?