வீடு மாறலாமா? ஓட்டிசப் பிள்ளையோடு கொழும்பில் இடம் தேடியவர்கள் எழுதுங்கள்

வெள்ளவத்தை அம்மா:
மாத முடிவில் அனெக்ஸைக் காலி செய்ய வேண்டும், அதனால்தான் கேட்கிறேன். மகனுக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ராகம பக்கம் போனால் தெரப்பிக்கு லேசு என்கிறார் இவர். இங்கே இருந்தால் தமிழ் கதைக்கிற ஆட்களாவது சுற்றி இருப்பார்கள் என்கிறேன் நான். இந்தச் சண்டை எப்போதும் உள்ளதுதான்.

ஆனால் போன ஞாயிறு பம்பலப்பிட்டியில் ஒரு வீடு பார்த்தோம். இரண்டாம் மாடி, நல்ல காற்று, வாடகையும் கட்டுப்படியாகும். வீட்டுக்கார ஐயா சாவியை என் கையிலேயே தந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மகன் "ஊ" என்று கத்த, வெறும் ஹோலில் அது எதிரொலித்தது. அவனுக்கு அதைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை. திரும்பத் திரும்பக் கத்தினான், குதித்தான், சிரித்தான். ஐயா கோபப்படவில்லை. "கீழே அம்மா படுத்த படுக்கையில இருக்கிறா, பிள்ளை" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கத்தவில்லை ஐயா, சந்தோஷப்படுகிறான் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு கிழமையாக அதே நினைவு.

நீங்கள் எல்லாரும் எப்படி முடிவெடுத்தீர்கள்?

கந்தானை அப்பா:
தங்கச்சி, நாங்கள் மாறினவர்கள். மாறினது சரியா என்று இன்னும் தெரியாது.

முதலில் நாங்களும் வெள்ளவத்தைதான். கிழமைக்கு இரண்டு நாள் ராகமவுக்குக் கோச்சியில் போவோம். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இருக்கிற இடம், பேச்சுத் தெரப்பிப் பட்டப்படிப்பும் அங்கேதான் நடக்கிறது, அதனால் அந்தப் பக்கம் ஆட்கள் கிடைப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கிடைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் சிங்களம். என் மகன் வீட்டில் கேட்பது தமிழ். முக்கால் மணி நேரம் அந்தப் பிள்ளை பந்து, பந்து என்று சிங்களத்தில் சொல்லும், இவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பேன். யாருக்கு மொழிபெயர்த்தேனோ தெரியாது.

ஏழு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் திரும்பி வரும்போது கோச்சி ராகமவை விட்டுக் கிளம்பி அடுத்த ஸ்டேஷனில் மெதுவானது. ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டிருந்தவன் "ஹொரப்பே" என்றான். தெளிவாக. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, ஹொரப்பே! நான் மூச்சு விடவில்லை. அடுத்தது "எண்டேரமுல்ல". அடுத்தது "ஹுனுப்பிட்டிய". எதிரில் இருந்த கச்சான் விற்கிற மனிசனுக்கு என்ன விளங்கியதோ, ஒரு சுருள் கச்சானை என் மடியில் வைத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கந்தானைக்கு மாறினோம், இன்னும் கிட்டப் போனால் இன்னும் நல்லது என்று. இப்போது த்ரீவீலில் பத்து நிமிடத்தில் போய்விடலாம். கோச்சி இல்லை. முதல் மாதம் தெரப்பி நாள் வந்தாலே அழுகை. எங்களுக்கு விளங்கவே நாள் எடுத்தது. இப்போது சனிக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல் ராகமவிலிருந்து மருதானைக்குப் போய் அப்படியே திரும்பி வருகிறோம்.

ஓய்வு பெற்ற டீச்சர்:
மேலே எழுதிய தம்பி குறை நினைக்க வேண்டாம். தெரப்பி இருக்கிற இடத்துக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரப்பி கிழமைக்கு இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடம் ஐந்து நாள்.

என் கதை சின்னது. விசேட கல்வி அலகில், அதாவது சாதாரண பாடசாலைக்குள் இந்தப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற வகுப்பில், பதினொரு வருடம் படிப்பித்தேன். ஒரு பிள்ளை தினமும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் வகுப்புக்குள் வரும். எனக்கு இடமாற்றம் வந்த நாள், புது டீச்சரின் சேலையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. அதோடு நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், மகள். வீடு பார்க்கும் முன் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போங்கள். எந்தப் பாடசாலையில் தமிழ் மொழி மூல அலகு இருக்கிறது, அதில் இப்போது டீச்சர் இருக்கிறாரா, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அலகு இருக்கும், டீச்சர் பிரசவ விடுமுறையில் இருப்பார். பிறகு அந்த வகுப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார அனுமதி கேளுங்கள். இன்டர்வல் மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள், அது போதும். சின்னவர் யாரையாவது சாதாரண வகுப்பில் சேர்க்கிற யோசனை இருந்தால் வாக்காளர் இடாப்பை மறக்காதீர்கள். முதலாம் தர அனுமதியில் பாதி இடம் கிட்ட இருக்கிறவர்களுக்கு, அதற்குப் புள்ளி போடுவது இடாப்பில் பெயர் எத்தனை வருடமாக இருக்கிறது என்று பார்த்து. வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்து வையுங்கள். கிராம சேவகரிடம் போய் முகத்தைக் காட்டுங்கள். பொரளை ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காசில்லாமல் பார்க்கிறார்கள், வெள்ளவத்தையிலிருந்து அது தூரமே இல்லை. இன்னொன்று, இளைய பிள்ளை இருந்தால் பதினெட்டு மாத ஊசி போடப் போகும் அன்றே மிட்வைஃபிடம் வாய் திறந்து கேளுங்கள். 2009இல் வந்த ஆய்வு ஒன்றில் இங்கேயே அந்த வயதுப் பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கண்டார்கள். யாரோ வீட்டுக் கதை என்று இருக்க வேண்டாம்.

தெமட்டகொடை உம்மா:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் என்கிறீர்கள், எங்களை யார் உட்கார விட்டார்கள்? அலகு இருக்கிறது என்று சொல்லித்தான் ஒரு பாடசாலைக்கு வீட்டையே மாற்றினோம். பெயர் சொல்லவில்லை. அலகு என்பது பேண்ட் சாமான் வைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. விளையாட்டுப் போட்டி மாதம் முழுக்க டிரம் அடி. என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் இருந்தாள். அதிபரிடம் போனேன். "பழகிவிடும்" என்றார்.

மகள் பழகவில்லை. காதைப் பொத்தின கையால் சாப்பிட முடியாதே, அந்த மாதம் பூராவும் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மூடியைத் திறக்கும்போது வருகிற புளித்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

கந்தானை நானா, உங்கள் கோச்சிக் கதையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

ஸ்காபரோவிலிருந்து:
நான் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கொழும்பில் எங்கே என்று அடிபடுகிறீர்கள், நாட்டை விட்டே போனவன் கதையையும் கேளுங்கள். விசேட கல்விக்கு ஆகும் செலவைக் காட்டி விசா மறுப்பதைக் கனடா 2018இல் நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் போட்டோம். இங்கே விசேட தேவை என்று இனங்கண்டு இடம் கொடுத்தால், 30 பள்ளி நாட்களுக்குள் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். எழுதினார்கள். குறையே இல்லை. மாகாணத்தின் தெரப்பி உதவிக்கு மட்டும் வரிசையில் நின்று வயது போகிறது.

வந்த புதிதில் ஒருவர் வீட்டில் ஒரே மொழி கதையுங்கள், பிள்ளை குழம்பும் என்றார். பயத்தில் தமிழை விட்டோம். இரண்டு மொழியால் இந்தப் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை என்று பிறகு வேறொரு தெரப்பிஸ்ட் சொன்னார். அதற்குள் மூன்று வருடம். இப்போது மகள் வசனமாகவே கதைக்கிறாள், ஆங்கிலத்தில். கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மம்மா வீடியோவில் "சாப்பிட்டியாடா குஞ்சு" என்று கேட்பார். மகள் என் முகத்தைப் பார்ப்பாள். அம்மாவும் என் முகத்தைப் பார்ப்பார். நான் "ஓம் அம்மா, சாப்பிட்டாள்" என்பேன்.

ஓய்வு பெற்ற டீச்சர்:
தெமட்டகொடை மகள், நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் அலகும் முதல் இரண்டு வருடம் சயன்ஸ் லேபின் பின்னறையில்தான் இருந்தது. அதை நான் எழுதாமல் விட்டேன். வலயத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தீர்களா? கொடுத்தால் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு...

தெமட்டகொடை உம்மா:
கொடுத்தேன் டீச்சர். பிரதியும் இருக்கிறது. பதில்தான் இல்லை.

வெள்ளவத்தை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இவரிடம் எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் ராகமவை விடவில்லை, நான் வெள்ளவத்தையை விடவில்லை. தெஹிவளையில் ஒரு கீழ் வீடு இருக்கிறதாம், நாளைக் காலை பார்க்கிறோம். மகனை முதலில் உள்ளே விட்டுக் கத்த விடப் போகிறேன். வாடகையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

கந்தானை அண்ணா, தெஹிவளையிலிருந்து ராகமவுக்குக் கோச்சி எங்கே மாற வேண்டும்?

கந்தானை அப்பா:
கோட்டையில் மாறலாம், மருதானையிலும் மாறலாம். மருதானையில் சனம் இறங்கும், சீட் கிடைக்கும். தெஹிவளையில் ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை கடல் தெரியும்.