பத்மினி ஸ்டியரிங் ப்ளே: பாக்ஸைத் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

பழைய பியட்டில் ஸ்டியரிங் ஆடுகிறது (திருப்பினாலும் சக்கரம் உடனே திரும்பாத இந்த ஆட்டம்தான் ப்ளே), ஸ்டியரிங் பாக்ஸையே, அதாவது திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டியையே, மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு அதில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். நான் விட்டு அவதிப்பட்டேன்.

எங்களுடையதும் அந்த பியட்தான், 1986 பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கியது. வீடு நாகமலை புதுக்கோட்டையில். போன சித்திரையில் திருமங்கலம் போய்விட்டுத் திரும்பும்போது, கப்பலூர் டோல்கேட் தாண்டி வேகம் 60-ஐத் தொட்டதும் வண்டி தன் இஷ்டத்துக்கு இடமும் வலமுமாக நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை மூன்று விரற்கடை திருப்பும்வரை சக்கரத்தில் ஒன்றும் நடக்காது, அதற்கு மேல் போனால் வெடுக்கென்று பிடிக்கும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாக்ஸ் மேலே இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்கிக் கொடுத்தார்கள். ப்ளே குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் தெருமுனையில் முழுசாக ஒடித்தால் கல்லாக இறுகியது, திருப்பம் முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் (திருகு மாதிரியான கியர்), வண்டி நேராக ஓடும்போது உரசுகிற நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும், இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். நடுவுக்குத் தகுந்தபடி இறுக்கினால் ஓரத்தில் கடிக்கத்தான் செய்யும். அப்படியே ஓட்டினால் நல்ல பாக்ஸும் போய்விடும்.

அப்புறம் செக்கானூரணி பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். முதலில் டயரில் காற்றைப் பார்த்தார். வண்டியைத் தூக்கவில்லை. "தம்பி, உள்ளே உக்காந்து லேசா இப்படியும் அப்படியும் ஆட்டுங்க, ஒடிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டாக இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே போனார். பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம் (திருப்பத்தை வெளியே கொண்டுவரும் கை) என் கையோடு கூடவே அசைந்தது, அதாவது பாக்ஸில் பெரிய குறை இல்லை. இடது பக்கம் ஐட்லர் ஆர்ம் (சக்கரங்களைத் திருப்பும் கம்பியை அந்தப் பக்கம் தாங்கும் கை) வந்ததும் நின்றுவிட்டார். மகனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு என்னையும் கீழே படுக்கச் சொல்லி, என் கட்டைவிரலை அந்த மூட்டின் மேல் வைத்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டக், டக் என்று விரலில் தட்டியது. பக்கவாட்டில் மட்டும் திரும்ப வேண்டிய ஆர்ம், முதலில் மேலே எழும்பி அதன் பிறகுதான் திரும்பியது. கழற்றினால் புஷ் (ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள உறை) ஒரு பக்கமாகத் தேய்ந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்.

பிறகுதான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், இடது பக்கம் கொஞ்சம் ஆடியது. என்னை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு முளை). எங்களுக்கு நிற்கவில்லை.

புஷ்ஷும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். அந்த ஸ்குருவையும் பழையபடி தளர்த்திவிட்டார். லிங்கேஜில் (பாக்ஸிலிருந்து சக்கரம் வரையுள்ள கம்பி, மூட்டுகளில்) எதைக் கழற்றி மாட்டினாலும் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பார்க்காமல் விடாதீர்கள், முன் டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும். அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஐட்லர் ஆர்மைத் தேட வேண்டாம், அதில் ரேக் அண்ட் பினியன் (பல் சக்கரம் பல் தண்டை நகர்த்தும் அமைப்பு). டை ராட் எண்டையும் (சக்கரத்தோடு சேரும் கம்பியின் முனை மூட்டு) ரேக் போல்ட்டையும் பாருங்கள்.

இடது கிங்பின் இன்னும் பாக்கி. செட் வரும்வரை ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓட்டுகிறேன். நீங்களும் ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்து அடியில் விரல் வைத்துப் பாருங்கள், எந்த மூட்டில் தட்டுகிறது என்று எழுதுங்கள்.