லோ பிரஷர் உடம்பு: எதை விட்டுவிடலாம், எதற்கு ஓட வேண்டும்

செந்தூல் மிஸ்ஸி:

"எனக்கு எப்பவுமே லோ பிரஷர்தான் மிஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டே கை நீட்டுகிறவர்களை, மலேசிய கிளினிக்கில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருக்கும் நாங்கள் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒல்லியான இளம் பெண்கள், ஓட்டப் பயிற்சி செய்கிறவர்கள். சில குடும்பங்களில் அம்மா, மகள், பேத்தி என்று வரிசையாக இருக்கும். 90/60க்குக் கீழே போனால் குறைந்த அழுத்தம் என்று கணக்கு. ஆனால் 88/56 வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி, வேலைக்குப் போய், தலைசுற்றல் இல்லாமல் இருக்கிறவருக்கு அது நோயே இல்லை. மாத்திரையும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம்.

எங்களுக்குக் கை பரபரப்பது வேறு இடத்தில். வருஷக்கணக்காக பிரஷரின் மேல் எண் 150இல் இருந்த பெரியவருக்கு ஒருநாள் காய்ச்சலோடு வரும்போது அது 105 காட்டும். வீட்டு மிஷினில் அதைப் பார்த்து "நார்மலுக்கு வந்திடுச்சு" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஒருவருடைய வழக்கமான மேல் எண்ணிலிருந்து 40 இறங்கிவிட்டால், எண் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது: கிருமி இரத்தத்தில் பரவியிருக்கலாம், வயிற்றில் இரத்தம் கசியலாம், இருதயம் தளர்ந்திருக்கலாம்.

அதனால் லோ பிரஷர்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது தங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில், 7 நாள், காலையில் 2 தடவை, இரவில் 2 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 1 நிமிடம் விட்டு எடுங்கள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தின் சராசரியைப் போடுங்கள். நாடித்துடிப்பையும் கூடவே எழுதுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மலாயில் 'டாரா ரெண்டா' வேறு, 'கூராங் டாரா' வேறு. முன்னது அழுத்தம் குறைவு, பின்னது இரத்தச் சோகை. நம் வீடுகளில் இரண்டையும் "இரத்தம் கம்மி" என்று ஒரே பையில் போட்டு, பிரஷர் குறைந்ததற்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தருகிறார்கள். இரும்பு மாத்திரை பிரஷரை ஏற்றாது. சோகை இருக்கிறதா என்பதை முழு இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், ஆணுக்கு 13க்குக் கீழ் என்றால் சோகை. அதிலும் இந்த நாட்டில் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) மரபணு உள்ளவர்கள் நிறைய. அவர்கள் தேவையில்லாமல் மாதக்கணக்கில் இரும்பு விழுங்கக் கூடாது.

பட்டர்வொர்த் மருந்தாளர்:

அக்கா சொன்ன எண்ணைத் தேடுவதற்கு முன்னால் மிஷின் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். வீட்டு மிஷினோடு வரும் கைப்பட்டை வழக்கமாக 22இலிருந்து 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. தையல்காரர் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியை அளந்து பாருங்கள். 19, 20 செ.மீ. இருக்கிற ஒல்லிக் கையில் அந்தப் பட்டையைச் சுற்றினால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். லோ பிரஷர் என்று பயந்து வருகிறவர்கள் ஒல்லியானவர்கள்தான் என்பதால் இந்தத் தவறு அவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். சின்ன அளவுப் பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்கலாம்.

கை இருக்கும் உயரமும் முக்கியம். பட்டை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. மேலே போனால் எண் 7, 8 குறைந்து காட்டும். சோபாவில் சாய்ந்து, கையைத் தலையணை மேல் தூக்கி வைத்து எடுத்த எண்ணை நம்பாதீர்கள். மேசை மேல் கை, முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு எடுங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் எடுங்கள். ஒரு கையில் மட்டும் 15, 20 குறைவாகத் தொடர்ந்து வந்தால் அந்தக் கைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். இனிமேல் எண் கூடுதலாக வரும் கையிலேயே அளக்க வேண்டும். மணிக்கட்டு மிஷின் வேண்டாம், கை இரண்டு அங்குலம் நகர்ந்தாலே கணக்கு மாறிவிடும்.

அடுத்து மருந்து. "இயற்கையாகவே லோ" என்று சொல்கிறவரின் மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்த்தால் காரணம் அதிலேயே கிடைப்பதுண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் பிராசோசின், டெராசோசின், டாம்சுலோசின் ஆகியவை குழாயைத் தளர்த்துபவை. பிராசோசினின் முதல் மாத்திரையை விழுங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றால் அப்படியே சாய்ந்துவிடக் கூடும், அதனால்தான் முதல் வேளையைப் படுக்கும்போது போடச் சொல்கிறோம். நீர் பிரியும் மாத்திரை, இரவில் தரும் அமிட்ரிப்டிலின், சர்க்கரைக்குத் தரும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எல்லாமே அழுத்தத்தை இறக்கும். வயிற்றுப்போக்கு நாளில் இவற்றில் எதை நிறுத்தி வைக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை லிஸ்டில் வராத ஒரு சங்கதியை மனைவி பக்கத்தில் இருந்தால் ஆண்கள் சொல்லவே மாட்டார்கள். 'வீரியம்' என்று விற்கிற காப்பித் தூள், தேன் பாக்கெட், தொங்காட் அலி என்ற மூலிகை வேர்க் கலவை. இவற்றில் சில்டெனாஃபில், தடாலாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது, சுகாதார அமைச்சும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர் இதைக் குடித்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும், உயிரே போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், தடாலாஃபில் எடுத்து 48 மணி நேரம் அந்த நாக்கடி மாத்திரையைத் தொடக் கூடாது. அவசரப் பிரிவில் வெட்கப்படாமல் இதைச் சொல்லிவிடுங்கள்.

மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு (மலாய் நாட்டு மருந்து) இன்னொரு பக்கம். இரண்டே நாளில் வலி பறந்து, முகம் உருண்டையாகி, பசி கூடினால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் வாந்தி, சோர்வு, அழுத்தச் சரிவு. தானாக நிறுத்தாமல் பாக்கெட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பிசியோ:

உட்கார்ந்து எடுத்த எண் நன்றாக இருக்கும், எழுந்தால் கண் இருட்டும். அப்படிப்பட்டவர்களுக்கு நின்று பார்க்கும் சோதனை வேண்டும். 5 நிமிடம் படுத்திருந்து ஒரு தடவை அளக்கவும். எழுந்து நின்று 1ஆவது நிமிடத்தில் ஒன்று, 3ஆவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நிற்கும்போது அழுத்தம் சரிகிறது என்று அர்த்தம். எண் இறங்காமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறினால் அது வேறு கோளாறு, அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பாதித்து இந்தச் சரிவு வரும். அவர்களுக்குத் தலை சுற்றினால் முதலில் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 4.0 mmol/Lக்குக் கீழ் என்றால் பிரச்சினை அங்கே.

காலையில் எழும்போது படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் 20 தடவை அசையுங்கள். பிறகு கட்டில் ஓரத்தில் 1, 2 நிமிடம் உட்காருங்கள். பிறகுதான் நிற்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்து, எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பு 2 கிளாஸ் மடமடவென்று குடித்தால் சிலருக்கு நல்ல பலன் இருக்கும். சொட்டுச் சொட்டாகக் குடித்தால் அந்த விளைவு வராது. இரவில் சிறுநீர் கழிக்க ஆண்களும் உட்கார்ந்தே போகட்டும். பாத்ரூமில் நின்றபடி விழுந்து இடுப்பு உடைபவர்கள் நிறைய.

மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை எல்.ஆர்.டி. ரயிலில் நெரிசலில் நின்றுகொண்டு வரும்போது காது அடைக்கிறது, வாய் ஊறுகிறது என்றால் அரை நிமிடம்கூட வீணாக்காதீர்கள். கால்களைக் குறுக்கே பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். இரண்டு கைகளின் விரல்களைக் கோத்து எதிரெதிராக இழுங்கள். கால் தசையில் தேங்கிய இரத்தம் மேலே தள்ளப்படும். தெளிந்ததும் இறங்கி உட்காருங்கள். வெட்கப்பட்டு நின்றுகொண்டே இருப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

கணுக்கால் வரையிலான காலுறை பெரிதாக உதவாது. இரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றுப் பகுதியில். இடுப்பு வரை வரும் அழுத்தக் காலுறையோ வயிற்றுப் பட்டையோ மேல். காலையில் எழுவதற்கு முன் அணிந்து, படுக்கும்போது கழற்ற வேண்டும்.

பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரத்துக்குள் தள்ளாட்டம் வந்தால் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு தட்டு நாசி கண்டாரும் (கறி ஊற்றிய சோறு) இனிப்புத் தே தாரிக்கும் (பால் தேநீர்) உள்ளே போனதும் இரத்தம் குடலுக்கு ஓடும். சோற்றைப் பாதியாக்கி, அளவை நாலைந்து வேளையாகப் பிரித்து, சாப்பிட்ட கையோடு வெயிலில் காருக்கு நடக்காமல் இருந்தால் போதும்.

பத்துமலை முதலுதவி:

தைப்பூசத்தில் விரதம், வெயில், கூட்டம், பிறகு 272 படி. மயங்கினவரைச் சுற்றி நின்று, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டுமே தவறு. தரையில் படுக்க வையுங்கள், காலை ஒரு முழம் உயர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். நினைவு திரும்பி, தானே கிளாஸைப் பிடிக்கிற வரைக்கும் வாயில் ஒன்றும் வேண்டாம். ஒரு நிமிடத்தில் தெளியவில்லை, மூச்சு சரியில்லை என்றால் 999. தெளிந்த பிறகு 100 பிளஸ் (உப்பும் இனிப்பும் கலந்த விளையாட்டுப் பானம்) கொடுக்கலாம்.

பட்டர்வொர்த் மருந்தாளர்:

அண்ணே, சர்க்கரை நோயாளிக்கு 100 பிளஸ் கொடுப்பதற்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். வயிற்றுப்போக்கால் இறங்கிய அழுத்தத்துக்கு ஃபார்மசியில் கிடைக்கும் உப்புக் கரைசல் பாக்கெட்தான் சரி. அதில் உப்பு கூடுதல், இனிப்பு குறைவு. பாக்கெட்டில் போட்ட தண்ணீர் அளவை மாற்றாதீர்கள். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. "லோ பிரஷர்தானே" என்று தினமும் சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம். சிறுநீரகமோ இருதயமோ பழுதானவருக்கு அது விஷம். மற்றவர்களும் டாக்டர் சொன்னால்தான் கூட்ட வேண்டும்.

கெப்போங் மருத்துவச்சி:

கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம். நடு மாதங்களில் அழுத்தம் இறங்குவது இயல்பு, கடைசி மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கு ஏறும். மல்லாந்து படுத்தால் மயக்கம் வந்தால் இடது பக்கம் திரும்பிப் படுங்கள். ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போய், அடிவயிறோ தோள்பட்டையோ வலித்து மயக்கமும் வந்தால் கிளினிக் வரிசையில் நிற்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு. கருக்குழாயில் கரு வெடித்திருக்கலாம். அதேபோல, வழக்கம் 90/55 இருந்தவருக்கு எட்டாம் மாதம் 130/85 வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

செராஸ் வார்டு மிஸ்ஸி:

டெங்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோலாலம்பூரில் லோ பிரஷர்காரர்கள் இதைத்தான் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் தொடங்கி 3இலிருந்து 7ஆம் நாளுக்குள் சூடு இறங்கும். "குணமாயிடுச்சு" என்று குளிக்க வைத்துக் கஞ்சி கொடுப்பார்கள். ஆபத்தான நேரம் அதுதான். அடுத்த 24இலிருந்து 48 மணி நேரம் இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். உடம்பு உடனே விட்டுக்கொடுக்காது. குழாய்களை இறுக்கி மேல் எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மேல் எண் இறங்காது, கீழ் எண் ஏறும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கும். வழக்கம் 94/58 உள்ள பெண்ணுக்கு இடைவெளி 36. ஐந்தாம் நாள் மிஷின் 96/78 காட்டினால் வீட்டில் "பிரஷர் ஏறியிருக்கு, நல்லது" என்பார்கள். இடைவெளி 18 ஆகிவிட்டது. 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை. மேல் எண் சரியும் வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

கூடவே நாடி வேகமாகும், கையும் காலும் சில்லிடும். விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தூங்கித் தூங்கி விழுவது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்றே போதும், இரவானாலும் கிளம்புங்கள். காய்ச்சல் நாட்களில் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், பொன்ஸ்தான் (மெஃபெனாமிக் அமில வலி மாத்திரை) எதுவும் வேண்டாம்.

இதில் உங்கள் பழைய எண் இரண்டு விதத்தில் உதவும். 88/56 உங்களுக்கு வழக்கம் என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால் தேவைக்கு மேல் ட்ரிப் ஏற்ற நேரிடலாம். டெங்கியில் அந்தக் கூடுதல் நீர் நுரையீரலில் போய்ச் சேரும். வழக்கம் 140 என்று தெரியாவிட்டால் 105ஐப் பார்த்து நன்றாக இருக்கிறார் என்று நினைக்கக் கூடும்.

செந்தூல் மிஸ்ஸி:

வார்டு மிஸ்ஸி சொன்னதை இரண்டு தடவை படியுங்கள். டெங்கி இல்லாத நாளிலும் இவற்றுக்கு ஓட வேண்டும்: ஓடும்போதோ படி ஏறும்போதோ மயக்கம், மயக்கத்துக்கு முன் நெஞ்சு படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இருந்து உங்களுக்கும் மயக்கம், தார் போல் கறுப்பு மலம், காய்ச்சலோடு மூச்சு வாங்கி உளறுவது. எடை குறைந்து, உப்பு மேல் ஆசை வந்து, ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்துக்கொண்டு வந்தால் அட்ரினல் சுரப்பியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் நிறத்தில் தோல் கறுப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஈறுதான் காட்டிக்கொடுக்கும்.

எண் கிடைத்ததும் ஒரு சின்ன அட்டையில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் வையுங்கள்: வழக்கமான அழுத்தம், வழக்கமான நாடி, எந்தக் கை, பட்டை அளவு, சாப்பிடும் மருந்துகள், எழுதிய தேதி. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். அவசரப் பிரிவில் அதைப் படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.