டோக்கியோ பெண்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்: மகளைச் சேர்க்கலாமா?

மீனாட்சி, டோக்கியோ:
மகள் ஜப்பானியப் பள்ளியில் கடைசி வகுப்பு படிக்கிறாள். சுகினாமியில் உள்ள டோக்கியோ பெண்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் இந்துக்கள். பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் மாமியாருக்குப் பயம். பெண்கள் மட்டும் படிக்கும் இடத்துக்கு இன்றைக்கு மதிப்பு உண்டா என்பது என் கவலை.

செந்தில், யோகோகாமா:
ஜப்பானில் கிறிஸ்தவர்களே நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அங்கே படிப்பவர்களிலும் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். பாடங்கள் ஜப்பானிய மொழியில் நடக்கும். அதில் உங்கள் மகளுக்குச் சிரமம் இராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை:
மீனாட்சி, நான் நுங்கம்பாக்கம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவள். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். எங்கள் கல்லூரி, வேலூர் மருத்துவக் கல்லூரி, உங்கள் மகள் கேட்கும் கல்லூரி மூன்றும் அந்த ஏழில் அடக்கம். அந்த உறவை நினைத்தே, டோக்கியோ வந்தபோது அனுமதி கேட்டு உள்ளே போனேன்.

அங்கே ஒரு சிற்றாலயம், 1938-இல் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் கட்டியது. சுவரெல்லாம் கான்கிரீட் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் வண்ணக் கண்ணாடி. பெஞ்சில் உட்கார்ந்த என் வெள்ளைப் புடவை மடிப்பில் நீலமும் மஞ்சளும் வந்து விழுந்தன. வெயில் நகர நகர அவையும் நகர்ந்தன. எழுந்து வர மனமே இல்லை.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1913-இல்தான் ஜப்பானில் முதன்முதலாக ஒரு பல்கலைக்கழகம், தோஹோகு, மூன்று பெண்களைச் சேர்த்தது. ஐந்தே ஆண்டில், 1918-இல், இந்தக் கல்லூரி தொடங்கியது. முதல் தலைவர் நிதோபே இனாசோவை எல்லோரும் அறிவார்கள். ஐயாயிரம் யென் நோட்டில் இருந்த முகம். அவர் ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்தின் பணிக்காக ஜெனிவா போய்விட, கல்லூரியைத் தாங்கி நடத்தியவர் யாசுயி தெத்சு. அதற்கு முன்பே சயாம் (இன்றைய தாய்லாந்து) சென்று அங்கே பெண்கள் பள்ளியை வளர்த்தவர். இரண்டாம் தலைவரும் அவரே. அந்த அம்மையாரைப் பற்றி மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாருக்கு ஒன்று: முகப்புக் கட்டடச் சுவரில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அது 'உண்மையுள்ளவைகளெவைகளோ'. அந்தச் சொல்லுக்கு எந்த வீட்டுப் பெரியவரும் பயப்பட வேண்டியதில்லை.

மீனாட்சி, டோக்கியோ:
அம்மா, இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். சனிக்கிழமை அவரும் வருகிறார். நிஷி ஓகிகுபோ நிலையத்திலிருந்து அவரால் நடக்க முடியாது, பஸ் உண்டா?

செந்தில், யோகோகாமா:
உண்டு. வடக்கு வாசலில் கிச்சிஜோஜி பஸ் ஏறுங்கள். கல்லூரிக்கு முன்னாலேயே நிறுத்தம்.